தொட்டி மணலுக்கு எந்தப் பக்கம் வாட்டம்?

ஒரு வீட்டில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ளவில்லை என்றால் ஊருக்கு அதில் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, மகளாகவும் மனைவியாகவும், அவள் தொண்டை என்ன ஆவது? இதை யாராவது யோசித்தார்களா? யோசிக்கவில்லை. ஆம்பிளைகள் கோபித்துக்கொள்ளும்போது அக்கம் பக்கம் பார்த்தா கோபித்துக்கொள்கிறார்கள்?

அவளை வேலை செய்யும் இடத்தில் மைக்கம்மா என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையை விட்டுவிட்டுப் போனது, எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரிய வேண்டும். நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த ஷிஃப்ட் ஆரம்பித்துவிடும்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, குழாயை இறுக்கி மூடணும்னு." இது நாற்காலியிலிருந்து அப்பா.

வீட்டுக்காரர் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். காதில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் அவள் திரும்பி, "குழாயை இறுக்கி மூடணுமாம்" என்று சொல்லும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்ன பிறகுதான் செய்தி வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

"உங்கப்பாகிட்ட சொல்லு, வாஷர் தேஞ்சிருக்கு, நாளைக்கு மாத்திடறேன்னு."

"வாஷர் தேஞ்சிருக்காம்ப்பா."

"தேயறவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாராம்?"

இப்படியே சாப்பாடு, மின்விசிறி, செய்தித்தாள், ஜன்னல் கதவு என்று படுக்கப் போகும்வரை ஓடும்.

காரணம் என்ன பெரிய சொத்துத் தகராறா? அதெல்லாம் இல்லை. ஒரு குளியலறைத் தரை. வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று கொத்தனார்கள் பேசிக்கொள்வார்கள். மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவருக்குப் பட்டமாக வைத்து ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். ஆனால் குளியலறை என்றால் மட்டம் மட்டும் போதாது, வாட்டம் வேண்டும். அதாவது தண்ணீர் தானாக வடிகால் பக்கம் ஓடும்படி தரையில் ஒரு சின்னச் சரிவு. மாமனார் வீட்டுக் குளியலறையில் ரசமட்டம் போட்ட தரையில் தண்ணீர் என்னவோ ஓடியது, ஆனால் வடிகால் பக்கம் ஓடவில்லை. வாசலைத் தாண்டி, படுக்கை அறைக்குள் புகுந்து, கட்டிலுக்கடியில் போய் நின்றது.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைச் சொல்லியே சம்பளம் வாங்கியவர். வாய் சும்மா இருக்குமா? சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில், "வாட்டம் தெரியாதவனுக்கு எதுக்குப்பா கொத்துக் கரணை?" என்று கேட்டுவிட்டார். ரசமட்டத்துக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான் இரண்டு பேருக்கும். அதற்கப்புறம் அப்பா மகள் வீட்டோடு வந்து இருக்கும்படி ஆன பிறகும் அந்த வாய் திறக்கவில்லை. ஒரே கூரை, ஒரே குழம்பு, நடுவில் இவள்.

மைக்கம்மாவுக்கு ஒரு நாள் குரல் கட்டியது. கட்டியது அவிழவே இல்லை. தொண்டை டாக்டர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது என்றார். பேசவே கூடாது. பேசாமல் இருந்தால் தானாக வற்றிவிடும். வற்றவில்லை என்றால் கத்தி வைக்க வேண்டும், வைத்த பிறகு பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது. நிலைய மேலாளர் அதற்குள்ளேயே ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பதிவு செய்த குரல். மைக்கம்மா திரும்பி வந்தால் மைக், வராவிட்டால் பார்சல் அறை என்று பேச்சு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னே? அந்த மைக் அவளுக்கு உயிர். பார்சல் அறையில் மூட்டைக்கு எண் ஒட்டிக்கொண்டு உட்காருவதா?

விடுப்பு எடுத்துக்கொண்டு வாயை மூடி வீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு ஆண்களுக்கும் நிலைமை தெரியும். தெரிந்து என்ன? "பேசாதேம்மா, பேசாதே. தலையை மட்டும் ஆட்டு. உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லிடு." எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக்கொண்டிருக்க முடியுமா? சைகை காட்டினாள். ஜன்னல் என்று காட்டினால் ரசமட்டம் கதவைப் பார்த்தார். கதவில்லை என்று கையை ஆட்டினால் மின்விசிறியை நிறுத்தினார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் குசுகுசுவென்று சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அடுத்த சோதனையில் டாக்டர் கருவியை வெளியே எடுத்துவிட்டு அவளை முறைத்துப் பார்த்தார்.

"யார்கிட்டம்மா ரகசியம் பேசறீங்க? குசுகுசுன்னு பேசறது கத்தறதை விட மோசம். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான். சொல்லிட்டேன்."

அவள் என்ன பதில் சொல்வாள்? பதில் சொல்லவும் கூடாதே.

இந்த நேரத்தில்தான் நிலையத்துச் சிநேகிதிகள் சேர்ந்து ஒரு மீன் தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். பேசாத ஆளுக்குப் பேசாத துணையாம். டிக்கெட் கொடுக்கிறவள்தான் இந்த யோசனைக்குச் சொந்தக்காரி. சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே ஒரு பையில் ஐந்தாறு குட்டிக் கெளுத்திகள். விரல் நீளம்கூட இல்லாத உடம்புக்கு மீசை மட்டும் கம்பீரமாக இருந்தது. தரையோடு தரையாக ஊர்ந்து, மணலை முகர்ந்து, மீசையால் துழாவித்தான் இவை சாப்பிடும். அதனால் அடியில் மணல் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மணல் என்ற சொல் காதில் விழுந்ததும் ரசமட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணலைப் பற்றி அவருக்கு ஒருத்தர் சொல்ல வேண்டுமா? அன்று மாலையே வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு வாளி கொண்டுவந்துவிட்டார். கல்லை உடைத்துச் செய்த மணல், பூச்சுக்குச் சலித்தது. அப்பாவும் சும்மா இருப்பாரா? நடைப் பயிற்சிக்குப் போனவர் கடற்கரையிலிருந்து ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்தார். வாளியும் பையும் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

அவள் இரண்டிலும் ஒரு பிடி பொட்டலம் கட்டிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் நல்ல வாயாடி. மைக்கம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டியதும், "பேச வேணாம்க்கா, நானே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கறேன்" என்று ஆரம்பித்தாள்.

முதலில் ரசமட்டத்தின் மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். "ஐயோ, இது குத்துதேக்கா! மீசையெல்லாம் தேஞ்சு மொட்டையாயிடும். உங்க வீட்ல யாரு, வீடு கட்டறவங்களா?" அப்புறம் அப்பாவின் மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டாள். சோடாவைத் திறந்த மாதிரி நுரைத்தது. "பாத்தீங்களா, எல்லாம் கிளிஞ்சல் தூளு. சுண்ணாம்பு. தண்ணியோட குணத்தையே மாத்திடும். இதுவும் வேணாம்."

கடைசியில் உருண்டையான, மாவு மாதிரி மிருதுவான மணல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும், சோப்புப் பக்கமே போகக் கூடாது, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போட்டால் அடியில் அழுகல் வாடை வரும், தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். இவள் குரலுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று மைக்கம்மாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புது மணல் பையைப் பார்த்ததுமே வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு மணலும் தோற்றுப்போன செய்தி இரண்டு பேருக்குமே பாதி சந்தோஷமாக இருந்தது. அவரவருக்கு அடுத்தவர் மணல் தோற்ற பாதி. விடுமுறை நாளில் ரசமட்டம் புது மணலை அலசித் தொட்டியில் பரப்பினார். சும்மா பரப்பவில்லை. கட்டை விரல் அகலத்துக்கு ஒரு மட்டப்பலகை செதுக்கி, இழுத்து இழுத்துச் சமன் செய்து, ரசமட்டக் கருவியை மணல்மேல் படுக்கவைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அப்பா நாற்காலியிலிருந்து, "அவருகிட்ட சொல்லும்மா, பின்னாடி உசத்தி, முன்னாடி தாழ்த்திப் போட்டாத்தான் குப்பை முன்னாடி வந்து சேரும், எடுத்துப் போட வசதின்னு. இதுக்கும் வாட்டம் உண்டுன்னு சொல்லு" என்றார்.

வாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் ரசமட்டத்தின் காது சிவந்தது. அவள் சைகையே காட்டவில்லை. தண்ணீர் ஊற்றுகிற தட்டை எடுத்துவரப் போய்விட்டாள்.

அடுத்து நடந்தது தற்செயல்தான். அதற்கு அவள் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வாள். ஒரு சாயங்காலம் அப்பா நடக்கப் போயிருந்தார், ரசமட்டம் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தொட்டியில் நட்டு வைத்திருந்த செடி ஒன்று பிடுங்கிக்கொண்டு மிதந்தது. நீளக் கரண்டிக் காம்பால் அதைத் திரும்ப ஊன்றப் போனாள். வேர் நிற்கப் பின்பக்கம் கொஞ்சம் மணலை ஒதுக்கினாள். ஒதுக்க ஒதுக்க, பின்னால் உயரமும் முன்னால் தாழ்வுமாகிவிட்டது. சரி, நன்றாகத்தானே இருக்கிறது என்று கரண்டியைக் கழுவி வைத்தாள்.

ரசமட்டம் வந்தார். தொட்டியைப் பார்த்தார். கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து மீன்களைப் பார்த்துப் பேசினார்.

"ஏண்டா மீசை, ஒருத்தன் மாங்கு மாங்குன்னு மட்டம் புடிச்சு வெச்சுட்டுப் போனா, அதுல கை வெக்கறவங்களை என்னடா பண்ணலாம்? வயசுக்கு மரியாதை குடுத்து விட்டுடலாமா?"

அப்போதுதான் உள்ளே வந்த அப்பா காலணியை விட்டுவிட்டு நின்றார். சரிவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மருமகன்தான் தன் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து வாட்டம் வைத்திருக்கிறான், வெளியில் காட்டிக்கொள்ள வெட்கம், அதுதான் மீனிடம் புலம்புகிறான் என்று எடுத்துக்கொண்டார் போல. அவரும் குனிந்தார்.

"நல்லதை யாரு செஞ்சாலும் பாராட்டணும்டா மீசை. இல்லியா?"

மைக்கம்மாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள்! ஜாடைப் பேச்சுதான், மீனை வைத்துத்தான். ஆனால் அவள் வழியாக இல்லை. அவள் தொண்டைக்கு அதில் ஒரு சொல் செலவில்லை.

அன்றிலிருந்து அவள் வாயில்லாப் பூச்சியாக வார இதழை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் அப்பா நடக்கப் போய், ரசமட்டம் குளிக்கப் போனால், எழுந்து போய்க் கரண்டிக் காம்பால் மணலைச் சமன் செய்துவிடுவாள். குளித்துவிட்டு வரும் ரசமட்டம், மாமனார் தப்பை உணர்ந்துவிட்டார் என்று நிம்மதியாக வேலைக்குப் போவார். நடந்துவிட்டு வரும் அப்பா, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டான் பார் என்று நாள் பூராவும் பொருமுவார். சாயங்காலம் அவர் வெளியே போனதும் மறுபடி சரிவு. ரசமட்டம் வருவார், கொதிப்பார். அப்பா வருவார், குளிர்வார். முன்பே கரண்டியைக் கழுவி வைத்துவிட்ட அவள் வார இதழின் பக்கத்தைப் புரட்டுவாள்.

மீன்கள் பாடுதான் திண்டாட்டம். மீசையைப் பார்த்து இந்தப் பக்கம் ஒருத்தர் திட்ட, அந்தப் பக்கம் ஒருத்தர் நியாயம் கேட்க, தொட்டிக் கண்ணாடியில் மூச்சுக்காற்று படியாத நேரமில்லை. நல்லவேளை, மீனுக்குத் தொண்டையில் தடிப்பு விழும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ரசமட்டம் ஒரு நாள் கடைக்கே போய், இந்த மீன்கள் மணலை மலையாகக் குவிக்குமா என்று விசாரித்துவிட்டு வந்தார். முகர்ந்து பார்க்குமே தவிரக் குவிக்காது என்று அந்த வாயாடி சொல்லியனுப்பிவிட்டாள். ஆக, சந்தேகம் தீர்ந்தது. மாமனாரேதான்.

மைக்கம்மா இத்தோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்துவார்கள்? மணல் விஷயத்துக்கு மட்டும்தான் மீன் தூது. குழாய், ஜன்னல், மருந்துச் சீட்டு எல்லாம் இன்னும் அவள் தலையில்தான். அடுத்த சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்கூட அப்பா ஏதோ கேட்டு நச்சரித்ததில் "ம்" என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. ஜாடை போதாது, நேருக்கு நேர் பேசியே ஆக வேண்டும் இந்த இரண்டு பேரும் என்று முடிவு கட்டினாள்.

அதற்கு எங்கே தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா?

டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், தொட்டியின் வலது மூலையில் வட்டமான கறுப்புக் கல் ஒன்றை வைத்தாள். பார்க்க அப்படியே வடிகால் மூடி. பிறகு அந்தக் கல்லைச் சுற்றி மணலை மேடாக்கி, எதிர்மூலைக்குச் சரிவு இழுத்தாள். தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடும் குளியலறை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். திருப்தியாக இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றாகவே வாசலுக்கு வந்தார்கள். ரசமட்டம் தொட்டியைப் பார்த்தார். ஒரு தரம் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மாமா! போதும் மாமா!"

அடுப்படியில் நின்ற மைக்கம்மா இரண்டு கையையும் கூப்பினாள். வந்தது! நேர்ப் பேச்சு!

"என்ன போதும்?" என்றார் அப்பா, அவரும் நேராகவே.

"அந்தப் பாத்ரூமை இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க? வாயால சொன்னது பத்தாதுன்னு மணல்ல வேற செஞ்சு காட்டணுமா? தினம் தினம் நான் மட்டம் புடிச்சதைக் கலைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இது அநியாயம் மாமா."

"நான் கலைச்சேனா? நான் அதுல கையே வெக்கலை. நீங்கதான் சாயங்காலம் வாட்டம் வெச்சு, காலையில பிடுங்கிக்கிட்டீங்க."

"நான் எங்க வாட்டம் வெச்சேன்?"

"அப்ப யாரு, மீனா வெச்சுது?"

"பொய் சொல்லாதீங்க மாமா."

அந்தச் சொல் வந்திருக்கக் கூடாது. அப்பாவின் முகம் கறுத்தது. "ஒரு பிடி மணலுக்குப் பொய் சொல்றவனாய்யா நான்? எத்தனை பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவன். சரி. இந்த வீட்ல இனி எனக்கு வேலை இல்லை. நான் கிளம்பறேன்" என்று விறுவிறுவென்று அறைக்குள் போனார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

மைக்கம்மாவுக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. எங்கே போவார் இந்த மனுஷன்? அவள் தம்பி வீட்டுக்கா? அங்கே மருமகள் தொலைக்காட்சிச் சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டாள் என்று அவரே சொல்லி வருத்தப்பட்டவர். எல்லாம் தன் கரண்டியால் வந்த வினை. அப்பா சட்டைகளை மடிக்காமல் அள்ளிப் பெட்டியில் திணிப்பது தெரிந்தது. ரசமட்டம் கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மாமனாரைக் கூப்பிட்டு நிறுத்த மனமிருந்தது, வாய்தான் வரவில்லை.

"நான்தாம்ப்பா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. நாளைக்கு டாக்டர், மறுநாள் மைக். இல்லாவிட்டால் கத்தி, பார்சல் அறை. அவள் வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, பிறகு கெட்டியாக மூடிக்கொண்டாள். ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். ரசமட்டத்தின் தோளில் ஓர் அடி வைத்து எழுப்பினாள். இரண்டு பேரையும் தொட்டி முன்னால் நிற்கவைத்தாள். அடுப்படிக்குப் போய் நீளக் கரண்டியை எடுத்துவந்து, கையை மடித்து விட்டுக்கொண்டு, தொட்டிக்குள் விட்டாள்.

முதலில் சமன். நன்றாக இழுத்து இழுத்து. பிறகு பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்தினாள். மறுபடி சமன். மறுபடி சரிவு. கடைசியாகக் கறுப்புக் கல்லை எடுத்து இரண்டு பேர் மூக்குக்கும் நேராக ஆட்டிக் காட்டிவிட்டு மூலையில் வைத்து, குளியலறையைச் செய்து முடித்தாள். தண்ணீர் தரையெல்லாம் சிந்தியிருந்தது. கெளுத்திகள் எல்லாம் செடிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. ஈரக் கரண்டியோடு திரும்பி நின்று, கண்ணில் நீர் முட்ட, இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா கரண்டியைப் பார்த்தார். ரசமட்டம் கறுப்புக் கல்லைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"சொல்லுங்க மாமா."

"இவ சின்ன வயசிலேருந்தே இப்படித்தான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே மாமா."

"சொன்னா கட்டியிருப்பீங்களா?"

ரசமட்டம் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்று பார்த்துத் தோற்றார். சிரித்து முடித்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியும் உண்டா, மனுஷன் நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று மாற்றி மாற்றித் திட்டினார்கள். அவள் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது. ரசமட்டம்தான் அறைக்குள் போய் அதைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு அந்தத் தரை கொஞ்சம் தப்புதான் மாமா" என்று அறையிலிருந்து குரல் கேட்டது.

"கொஞ்சமா?"

"சரி, தப்புதான்."

"நான் எல்லார் முன்னாடியும் கேட்டது கொஞ்சம் தப்பு."

"கொஞ்சமா?" என்றார் ரசமட்டம்.

அப்பா இருமினார்.

மறுநாள் டாக்டர் கருவியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். மைக்கம்மா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வத்திடுச்சு. சுத்தமா இருக்கு. மெதுவா ஒரு வார்த்தை பேசுங்க, கேப்போம்."

அவள் மெதுவாக, "நடைமேடை" என்றாள்.

குரல் அப்படியே இருந்தது. அவள் குரல். டாக்டருக்குக் கை கொடுத்தாள், நர்ஸைக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் யாரும் பார்க்காதபோது சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தாள். நேராகப் போய் அப்பா என்று கூப்பிட்டால் போதும், இரண்டு பேரும் ஆடிப் போய்விடுவார்கள்.

வாசலில் வரும்போதே பேச்சுக்குரல் கேட்டது. ரசமட்டம் வேலைக்குப் போகவில்லை. அப்பாவும் நடக்கப் போகவில்லை. தொட்டித் தண்ணீரில் பாதியை வாளியில் இறைத்து, மீன்களையும் அதில் விட்டிருந்தார்கள். அப்பா சொன்னபடி பின்னால் உயரம், முன்னால் தாழ்வு. ஆனால் மணல் நிற்காமல் சரிந்து சரிந்து வரும் அல்லவா? அதற்கு ரசமட்டம் டைல்ஸ் துண்டுகளைப் பட்டை பட்டையாக வெட்டி, மணலுக்கடியில் குறுக்கே நிறுத்திப் புதைத்துக்கொண்டிருந்தார். வயல் வரப்பு மாதிரி. அது மணலைப் பிடித்துக்கொள்ளும், வெளியிலும் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க மாப்பிள்ளை. வாங்க, வாங்க. போதும், நிறுத்துங்க."

"மாமா, இது என்ன வண்டியா ரிவர்ஸ் எடுக்கறதுக்கு?"

"இடது பக்கம் இடிக்கும், பாத்து."

மைக்கம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மனசு நிறைந்துவிட்டது. எத்தனை வருஷமாயிற்று இப்படிக் கேட்டு! இனி நானும் பேசலாம், அவர்களும் பேசுவார்கள், எல்லாரும் பேசலாம்.

"அப்பா!" என்றாள்.

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அப்பாவின் கையிலிருந்த கல் தண்ணீரில் விழுந்தது. "குரல் வந்துடுச்சா? என் தங்கமே, வந்துடுச்சா?" என்று ஓடிவந்து அவள் கன்னத்தை ஈரக் கையால் பிடித்துக்கொண்டார். ரசமட்டம் எழுந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. இனிமே கவலை இல்லை. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, அந்தக் கடைசிப் பட்டை கொஞ்சம் கோணலா இருக்குன்னு."

பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், ரசமட்டம் மணலில் கையை விட்டபடி இருந்தார். அவரும் அவளைத்தான் பார்த்தார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, ரசமட்டம் வெச்சுப் பாத்துத்தான் வெச்சேன்னு."

மைக்கம்மாவின் வாய் பதில் சொல்லத் திறந்தது. திறந்தபடி ஒரு கணம் நின்றது. அவள் ஒருவரைப் பார்த்தாள், இன்னொருவரைப் பார்த்தாள். பிறகு மெள்ள வாயை மூடி, தொண்டையில் கையை வைத்து, முகத்தைச் சுளித்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஐயையோ, மாப்பிள்ளை! மறுபடி போயிடுச்சு போலிருக்கே!"

"நீங்கதான் மாமா, வந்ததும் வராததுமா அவளைப் பேச வெச்சீங்க!"

"நானா? நான் கோணலைத்தானே சொன்னேன்! நீங்க ஏன் பதில் சொல்லச் சொன்னீங்க?"

"எது கோணல்? கிட்ட வந்து பாருங்க மாமா, நல்லா கண்ணைத் திறந்து பாருங்க!"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாளைக்கு மைக்கில் ஊருக்கே பேசப் போகிறாள். வீட்டில் பேசுவதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், என்ன அவசரம். கூடத்துச் சண்டை நன்றாகக் கேட்கட்டும் என்று அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, டீ போட மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தாள்.